எண்ணூர்க் கழியோரக் காடு மீட்பு: எருமை மேய்ச்சலை நிறுத்துவதா, வேலி போடுவதா, விட்டுவிடுவதா?

#1 கொற்றலை

எல்லோருக்கும் வணக்கம். கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழியில் சேருகிற பக்கம் ஏறத்தாழ 2 ஏக்கர் துண்டு நிலம். பாதி, கடல் ஓதம் ஏறி இறங்கும் சேறு. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் கொஞ்சம் நிற்கிறது. மீதிப் பாதி மேடு, அதில் வீரை, காசா, காட்டெலுமிச்சை, நாவல் என்று நம் கரையோர உலர் பசுமைக்காட்டு மரங்களை வைக்கலாம் என்பது திட்டம். சுற்றுவட்டாரத்து எருமைகளும் ஆடுகளும் தினமும் வந்து போகிற இடம்.

குழுவில் இரண்டு கட்சி. முழுக்கக் கம்பிவலை அடித்துவிடலாம் என்கிறது ஒன்று. மேய்ச்சல் இருந்தால்தான் நிலம் உயிரோடு இருக்கும், அப்படியே விடுங்கள் என்கிறது இன்னொன்று. இரண்டு பக்கமும் உறுதியாகப் பேசுகிறார்கள், அளந்த கணக்கு ஒன்றுகூடக் கையில் இல்லை. எதை அளந்தால் முடிவெடுக்கலாம்? யானை, மான் பற்றிக் காடுகளில் செய்த ஆய்வுகள் இந்தக் கழிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்?

#2 காரைச்செடி

முதலில் செடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத வெண்கண்டல், அடித்தண்டு மட்டும் கட்டைவிரல் கனத்தில் இருக்கும். மேலே குடை விரித்த மாதிரி நெருக்கமாகக் குச்சிகள். அது புதுக்கன்று இல்லை. பல வருடமாக ஒவ்வொரு தளிரும் எருமை வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிற பழைய செடி. சாவதும் இல்லை, வளர்வதும் இல்லை. தூரத்தில் இருந்து பார்க்கிறவர் "ஆகா, கன்று நிறைய வந்திருக்கிறதே" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். மீட்புக் கணக்குகள் தப்புவதற்கு இது பெரிய காரணம்.

கடித்தது யார் என்று குச்சி நுனியே சொல்லும். மாடு, எருமை, ஆடு, மான் எல்லாம் அசைபோடும் இனம், மேல் தாடையில் முன்பல் கிடையாது. அதனால் கிள்ளி இழுத்துப் பிய்க்கும். நுனி நார்நாராகக் கிழிந்து நிற்கும். முயலோ எலியோ கடித்தால் பிளேடால் சரிவாக வெட்டியது போல் இருக்கும். இலை நடுவில் ஓட்டை, ஓரத்தில் அரிப்பு என்றால் பூச்சி. இந்த மூன்றையும் பிரிக்காமல் எல்லாப் பழியையும் எருமை தலையில் போடக் கூடாது.

இன்னொன்று, மேய்ச்சல் எல்லாச் செடியையும் ஒரே மாதிரி குறைப்பதில்லை. வாய்க்குப் பிடித்தது குறையும், பிடிக்காதது பெருகும். ஆடாதோடை என்ற பெயரையே 'ஆடு தொடாத இலை' என்று நம் ஊரில் விரித்துச் சொல்வார்கள். நொச்சி, எருக்கு, அலையாத்தியில் தில்லை (பால் கண்ணில் பட்டால் ஆபத்து) இவற்றையும் கால்நடை பெரும்பாலும் விட்டுவிடும். பூவரசு, அரசு, ஆல், வெண்கண்டல் கன்றுகளை விடாது. உங்கள் மேட்டில் எருக்கும் நொச்சியும் மட்டும் செழித்து மற்றதெல்லாம் தரையோடு தரையாக இருந்தால், பத்துப் பதினைந்து வருட மேய்ச்சலை அந்த நிலமே எழுதி வைத்திருக்கிறது.

#3 மூச்சுவேர்

காரைச்செடி சொன்னது சரி. ஆனால் சேற்றுப் பாதிக்கு வேறு வரிசை. முதலில் தண்ணீர், பிறகுதான் மாடு.

எண்ணூர்க் கழியில் அனல்மின் சாம்பல் படிந்து தரைமட்டம் உயர்ந்த இடங்கள் உண்டு. ஓதம் எட்டாத இடத்தில் எத்தனை வேலி போட்டாலும் வெண்கண்டல் வராது. உமரி என்ற உப்புநிலச் செடி வரும், உப்புப் பூக்கும், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் படிந்த கரைகளில் மூச்சுவேரின், அதாவது காற்றுக்காகச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் வேரின், துளைகள் அடைபட்டிருக்கலாம். அதையும் பார்க்க வேண்டும். வேரைச் சுற்றிக் கறுப்புப் பிசுக்கு இருந்தால், விரலால் தேய்த்து முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

சோதிக்கும் முறை எளிது. சேற்றில் 10 இடத்தில் மூங்கில் குச்சி நட்டு, 5 செ.மீ. இடைவெளியில் பெயின்ட் கோடு போடுங்கள். அமாவாசையை ஒட்டி 3 நாள், அஷ்டமியை ஒட்டி 3 நாள், ஓதம் எந்தக் கோடு வரை ஏறுகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று எழுதுங்கள். பெரிய ஓதத்திலும் நனையாத குச்சிகள் நிற்கிற இடத்துக்கு வாய்க்கால்தான் மருந்து. பிச்சாவரத்தில் வெட்டினார்களே, மீன்முள் அமைப்பில், நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளைகளும், அது இந்தக் குறைக்குத்தான். மேலே அகலமாகவும் அடியில் ஒடுக்கமாகவும் வெட்டாவிட்டால் ஒரே மழையில் கரை சரிந்து மூடிக்கொள்ளும்.

தண்ணீர் சரியாக இருக்கிற இடத்தில் எருமை செய்யும் கெடுதல் இரண்டு வகை. தழையைத் தின்பது கண்ணுக்குத் தெரியும். மிதிப்பது தெரியாது. வெண்கண்டல் விதை மிதந்து வந்து, தோல் உரிந்து, வேர் பிடிக்கச் சில நாள் அசையாத சேறு வேண்டும். அந்த நேரத்தில் குளம்பு பட்டால் விதை ஒரு சாண் ஆழத்துக்குப் போய்விடும், முளை மேலே வராது. குளம்புக் குழியில் தேங்கும் நீர் வெயிலில் காய்ந்து உப்பேறும். அதிலும் கன்று நிற்காது.

#4 கணக்குநோட்டு

கொற்றலை, அளக்கக் கேட்டீர்கள். உலகம் முழுக்க இதற்கு ஒரே அடிப்படை முறைதான்: இணைக் கட்டம். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு கட்டம், ஒன்றை அடைக்க வேண்டும், மற்றதைத் திறந்து விட வேண்டும்.

10 மீட்டருக்கு 10 மீட்டர் போதும். மேட்டில் 5 இணை, சேற்றில் 5 இணை. இணைக்குள் இடைவெளி 5 மீட்டர் வையுங்கள், அதற்கு மேல் போனால் மண்ணே மாறிவிடும். இரண்டு கட்டத்தையும் முளையடித்துக் குறித்த பிறகு நாணயத்தைச் சுண்டி எதை அடைப்பது என்று தீர்மானியுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். கையால் தேர்ந்தெடுத்தால் எல்லோரும் தம்மை அறியாமலே செடி நன்றாக இருக்கிற பக்கத்தைத்தான் அடைப்பார்கள். அப்புறம் இரண்டு வருடம் கழித்து வேலிதான் செடியை வளர்த்தது என்று நம்புவோம்.

கட்டத்தின் ஓரத்தில் 1 மீட்டர் விட்டுவிட்டு, உள்ளே 1 மீட்டர் சதுரம் நான்கு. அதில் வருகிற ஒவ்வொரு மரக்கன்றையும் இனம் பிரித்து, உயரவாரியாக எண்ணுங்கள்: 25 செ.மீ. வரை, 50 வரை, 100 வரை, 150 வரை, அதற்கு மேல். கூடவே ஒவ்வொரு கட்டத்திலும் 50 கன்றின் நடுக்குருத்து கடிபட்டதா இல்லையா என்று மட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் ஒன்று, வெயில் முடிந்து ஜூன் கடைசியில் ஒன்று. சேற்றுக் கட்டத்தை வத்தத்தில், அதாவது ஓதம் இறங்கியிருக்கும் நேரத்தில்தான் எண்ண முடியும்.

படிக்கும் விதம் முக்கியம். திறந்த கட்டத்தில் மொத்தக் கன்று அதிகமாகவே இருக்கலாம், அதில் ஏமாறாதீர்கள். 25 செ.மீ. வரிசை நிரம்பி வழிந்து, 50க்கும் 150க்கும் நடுவில் காலியாக இருந்தால் அதுதான் மேய்ச்சலின் முத்திரை. இரண்டு கட்டத்திலும் முளையே இல்லை என்றால் விதையோ தண்ணீரோ மண்ணோதான் குறை, மாடு இல்லை. ஒரு வருடத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள். மேட்டுக்குக் குறைந்தது 3 வருடம் வேண்டும்.

#5 பால்பண்ணைத்தெரு

அண்ணே, எல்லாம் சரி, மாடு வெச்சிருக்கிறவங்க பக்கம் யாரும் பேசல. அதையும் கொஞ்சம் பாருங்க.

முதல்ல அந்த நிலம் பதிவேட்டுல என்னன்னு இருக்கு? மேய்க்கால் புறம்போக்குன்னு இருந்தா, மேய்ச்சலுக்குன்னே ஒதுக்கின இடம். அங்க வேலி போட்டா நியாயமும் உங்க பக்கம் இல்ல, சட்டமும் இல்ல. கழியோரம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துல வரும், சேத்துல ஒரு கம்பம் நடுறதுக்கும் அனுமதி வேணும். 2022 மார்ச்சுல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை காடுகள்ல மேய்ச்சலுக்குத் தடை போட்டுச்சே, அது பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம்னு சுருங்கிடுச்சு. அதைக் காட்டி இங்க யாரையும் மிரட்ட முடியாது.

அடுத்து, எருமை ஏன் கண்டலுக்குப் போகுது? ஆசைக்கு இல்ல, பசிக்கு. சித்திரை, வைகாசி, ஆனியில வைக்கோல் விலை ஏறும், புல்லு காஞ்சிடும், உப்பங்கழியில மட்டும் பச்சை இருக்கும். அந்த மூணு மாசம்தான் அடி பலமா விழுது. 450 கிலோ எருமைக்கு ஒரு நாளைக்கு 10 கிலோ காய்ந்த தீனி (ஈரத்தைக் கழிச்ச எடை) கணக்கு, அதுல ஒரு பங்கை 25 கிலோ பசும்புல் குடுக்கும். கோ 4 கம்பு நேப்பியர் தீவனப்புல் ஹெக்டேருக்கு வருஷம் 380 டன் வரும்னு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. அப்படிப் பார்த்தா ஒரு எருமைக்கு 6 சென்ட் போதும். மணலி, மீஞ்சூர் பக்கத்து உப்புத் தண்ணிக்குப் பாதிதான் வரும்னு வெச்சுக்கிட்டா 12 சென்ட். 10 எருமைக்கு 120 சென்ட், ஒண்ணேகால் ஏக்கர் கிட்ட. வேலிக்கு ஒதுக்குற காசுல ஒரு பங்கை நல்ல தண்ணி இருக்கிற இடத்துல புல்லுக்கு வெச்சீங்கன்னா, அந்த மூணு மாசம் மாட்டுக்காரரே ஓட்டிட்டு வரமாட்டார்.

மொத்தமா நிறுத்தினா என்ன ஆகும்னு ராஜஸ்தான்ல இருக்கிற பரத்பூர் காட்டிடுச்சு. 1982-ல கேவலாதேவ் பறவைப் பூங்காவுல எருமை மேய்ச்சலுக்குத் தடை. போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல உயிர் போச்சு. அதோட முடிஞ்சுதா? எருமை தின்னுட்டு இருந்த தண்ணிப் புல்லு ஏரியை மூடிடுச்சு, நீர்ப்பறவைக்குத் திறந்த தண்ணியே குறைஞ்சு போச்சு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோட நீண்ட ஆய்வே தடை பறவைக்குக் கெடுதல்னு சொல்லிச்சு. உசுரு போன பிறகு வந்த பாடம் அது.

#6 தொரட்டி

நல்ல விவாதம். ஒரு சந்தேகம். யானை மரத்தையே முறிக்கிறது, பட்டையை உரிக்கிறது. ஆனாலும் யானை இருந்தால்தான் காடு என்கிறோம். எருமை தளிரைக் கடித்தால் மட்டும் கெடுதலா?

#7 காரைச்செடி

தொரட்டி, யானை இருந்தாலே காடு செழிக்கும் என்று யாரும் அளந்து சொல்லவில்லை. எத்தனை யானை, எவ்வளவு பெரிய இடம், போய்த் திரும்பி வர எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதுமலையில் 1988-ல் 50 ஹெக்டேர் நிலையான ஆய்வுக் கட்டம் அமைத்து, 1 செ.மீ. கனத்துக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்தையும் எண்ணி வருகிறார்கள். கைடியா கேலிசினா என்ற மரம் யானைக்கு மிகப் பிடிக்கும். வளைத்து முறித்துத் தின்னும். சில ஆண்டுகளுக்குள் அந்த மரம் அந்தக் கட்டத்தில் கடுமையாகச் சரிந்தது, தீயும் சேர்ந்துகொண்டது. அதே காட்டில் மற்ற மரங்கள் நிற்கின்றன. ஓர் இனம் அடி வாங்கினாலும் காடு நிற்கிறது, ஏனென்றால் யானைக்குப் போக இடம் இருக்கிறது.

போக இடமே இல்லாத யானையைப் பார்க்க வேண்டுமா? அந்தமானில் இன்டர்வியூ தீவு. மரம் வெட்டும் தொழில் நின்றபோது 1962-ல் விட்டுப்போன வளர்ப்பு யானைகள் காட்டு யானையாகிப் பெருகின. தாழை, பிரம்பு, மூங்கில் எல்லாம் அங்கே துடைத்தெடுத்த மாதிரி குறைந்தன. அதே அந்தமானில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து விட்ட புள்ளிமானுக்கும் வேட்டையாடும் விலங்கு எதுவும் இல்லை. கீழ்த்தளத்துக் கன்றுகள் வெறிச்சோடிப் போயின.

எண்ணிக்கைதான் தீர்ப்பு என்பதற்குத் தெளிவான சோதனை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்தது. வேலிக்குள் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 4, 8, 15, 25 மான் என்று விட்டு 10 வருடம் பார்த்தார்கள். 8-ஐத் தாண்டியதும் கன்றுகளின் இனவளம் இறங்க ஆரம்பித்தது, மான் தொடாத பெரணி தரையை மூடியது. மூடிய பிறகு மானைக் குறைத்தாலும் கன்று எளிதில் எழும்புவதில்லை. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் அப்படியே. 1995, 96-ல் 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள், எல்க் மான் குறைந்தது. ஆனாலும் ஆற்றோர வில்லோ மரங்கள் எல்லா இடத்திலும் திரும்பவில்லை. மரத்தை வெட்டி ஓடையில் அணை கட்டும் பீவர்கள் அதற்கு முன்பே போய், நிலத்தடி நீர் இறங்கியிருந்தது. மூச்சுவேர் சொன்ன 'முதலில் தண்ணீர்' அங்கேயும் உண்மை.

நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நெல்லிக்காயை விழுங்கும் புள்ளிமான் வேறிடத்தில் அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிட்டுப் போகும். விளாம்பழத்தை யானை முழுதாக விழுங்கும், விதை சாணத்தோடு வெளியே வரும். உங்கள் எருமைச் சாணியிலும் வண்டு வரும், உண்ணிக்கொக்கும் கரிச்சானும் கூடவே வரும், புரண்ட குழியில் மழைக்காலத்தில் தவளை முட்டையிடும்.

#8 உமரி

சாணியில் வருவது நல்ல விதை மட்டும் இல்லை என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. சீமைக்கருவேலம். பழுத்த காயை மாடும் எருமையும் விரும்பித் தின்னும், கடினமான விதை பெரும்பாலும் நசுங்காமல் சாணியில் வெளியே வரும், உரத்தோடு சேர்த்து நட்டது போல. ஆடு கொஞ்சம் கூடுதலாக நசுக்கும், முழுக்க இல்லை.

குஜராத்தின் வேலவதாரில் வெளிமானை வைத்து இதை அழகாகக் காட்டியிருக்கிறார்கள். ஆண் மான்கள் இணை சேரக் காத்து நிற்கும் திட்டுகளில் ஒரே இடத்தில் புழுக்கை போடும். சீமைக்கருவேல விதை அங்கேதான் குவிந்து புல்வெளிக்குள் நுழைகிறது. உங்கள் இடத்தில் மாடு படுத்து அசைபோடும் நிழல் எது என்று பாருங்கள். முதல் சீமைக்கருவேலக் கன்று அங்கேதான் வரும்.

காய் உதிரும் கோடையில் வெளியே மேய்ந்த மாட்டை, ஒரு வாரம் பட்டியில் கட்டித் தீனி போட்ட பிறகு மீட்பு நிலத்துக்குள் விட்டால் பெரும்பகுதி விதை பட்டியிலேயே விழுந்துவிடும். முளைத்த கன்றை முதல் மழைக்குப் பிறகு, ஒரு அடிக்குள் இருக்கும்போதே ஆணிவேரோடு பிடுங்க வேண்டும். தரைமட்டத்தில் வெட்டினால் நாலாகத் துளிர்க்கும்.

இதனால்தான் மேய்ச்சலைத் திடீரென்று நிறுத்தவும் பயப்படுகிறேன். ஏற்கெனவே விழுந்த விதை மண்ணில் இருக்கும். மாடு போனதும் புல்லும் அதுவும் சேர்ந்து எழும். வேலிக்குள் களை பிடுங்க ஆள் இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் வேலிக்குள் இருப்பது சீமைக்கருவேலத் தோப்புதான்.

#9 மூச்சுவேர்

வேலி போடுவதென்று முடிவானால், பிழைகள் எங்கே வரும் என்று சொல்லிவிடுகிறேன்.

சேற்றில் கம்பிவலை வேண்டவே வேண்டாம். உப்புக்காற்றில் துரு பிடிக்கும். அதற்கு முன்பே ஓதத்தில் வரும் பிளாஸ்டிக் வலையை மூடி, வேலி அணைக்கட்டு மாதிரி நின்று தள்ளப்பட்டு விழும். பழைய மீன்வலை சும்மா கிடைக்கிறதே என்று கட்டுகிறார்கள். அதில் நண்டும் பாம்பும் கொக்கும் சிக்கிச் சாகும், அதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். சவுக்குக் கழியை 1 மீட்டருக்கு ஒன்றாக முழங்கால் ஆழத்துக்கும் கீழே இறக்கி, குறுக்கே இரண்டு மூன்று கிடைக்கழி, நடுவே 30 செ.மீ. சந்து. எருமை நுழையாது, நண்டும் மீனும் குப்பையும் தாராளமாகப் போகும். குப்பை இரண்டு கட்டத்திலும் சேரும், இரண்டிலும் ஒரே நாளில் பொறுக்குங்கள், இல்லையென்றால் கணக்குநோட்டு சொன்ன ஒப்பீடு கெடும்.

மேட்டுக்கு 7 அடிக் கல்தூண், 2 அடி மண்ணுக்குள், 8 அடிக்கு ஒன்று. மூலைத்தூணுக்கு இரண்டு பக்கமும் முட்டு கொடுக்காவிட்டால் எருமை உடம்பு தேய்த்தே சாய்த்துவிடும். வலையின் அடி தரையைத் தொட வேண்டும், ஆட்டுக்குட்டிக்கு ஒரு சாண் சந்து போதும். இது கால்நடைக்கு. புள்ளிமான் இருக்கிற இடமானால் 8 அடி உயரம் வேண்டும், நமக்கு அது தேவையில்லை.

நீளக் கணக்கு: 1 ஏக்கர் மேட்டைச் சதுரமாகச் சுற்றினால் ஏறத்தாழ 255 மீட்டர். 20 மீட்டர் சதுரம் மூன்று போட்டால் 240 மீட்டர், உள்ளே வருவது 1,200 சதுர மீட்டர், நிலத்தில் 30 சதவீதம். செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மூன்று சதுரத்துக்கு நடுவில் மாட்டு வழி அடைபடாது, சண்டை வராது, கன்று உயர்ந்ததும் கழற்றி அடுத்த 30 சதவீதத்துக்கு மாற்றலாம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

#10 காரைச்செடி

வேலிக்கு வெளியே நடுகிற கன்றுக்கு முள்ளே வேலி. காரை, சூரை, சங்கஞ்செடிப் புதருக்கு நடுவே, வடக்கு அல்லது கிழக்குப் பக்கமாக, வீரையையும் காட்டெலுமிச்சையையும் நடுங்கள். புதர் ஆட்டைத் தடுக்கும், வெயிலையும் தணிக்கும். முட்புதரைச் 'சுத்தம்' செய்துவிட்டு வெட்டவெளியில் கன்று நடுவதுதான் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தப்பு. புதர் இல்லாத இடத்தில் வெட்டிய சீமைக்கருவேலக் கிளையைக் கன்றைச் சுற்றி அடுக்கலாம், காயை முழுக்க உதிர்த்துவிட்டு.

#11 கொற்றலை

எல்லோருக்கும் நன்றி. பதிவேட்டைப் பார்த்துவிட்டு, ஓதக் குச்சிகளில் தொடங்குகிறோம். எருமைக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, புல் கணக்கைப் பேசலாம் என்றிருக்கிறோம். இரண்டு கேள்வி பாக்கி. எருமை ஆற்றுக்குப் போகும் வழியை என்ன செய்வது? மேட்டு வேலியை எப்போது கழற்றலாம்?

#12 பால்பண்ணைத்தெரு

வழியை மாத்தாதீங்க அண்ணே. எருமை போன தடத்துலயே போகும். கண்டல் கம்மியா இருக்கிற இடமாப் பார்த்து, இருக்கிற தடத்துலயே 3 மீட்டர் அகலத்துக்கு ரெண்டு பக்கமும் பனங்கட்டையைக் கிடத்துங்க. மேட்டுல மழைத்தண்ணி நிக்கிற தாழ்வான இடத்துல 10 மீட்டருக்கு 6, ஒரு மீட்டர் ஆழத்துல குழி வெட்டி ஒரு பக்கம் சரிவு விடுங்க. புரளுறதுக்கு அதுல இறங்கும், மத்தியானம் முழுக்க கண்டல் பக்கம் வராது. சித்திரையில வத்திடும், அப்போ லாரித் தண்ணி ஒண்ணு ரெண்டு ஊத்த வேண்டியிருக்கும்.

#13 கணக்குநோட்டு

வேலியை வருடம் பார்த்துக் கழற்றாதீர்கள், உயரம் பார்த்துக் கழற்றுங்கள். வெள்ளாடு பின்காலில் எழும்பினால் ஏறத்தாழ 6 அடி எட்டும். நடுக்குருத்து 2 மீட்டரைத் தாண்டி, முழங்கால் உயரத்தில் தண்டு 4 செ.மீ. கனம் வந்திருக்க வேண்டும். உயரம் மட்டும் இருந்து தண்டு மெலிந்திருந்தால் எருமை முதுகு சொறியவே முறிந்துவிடும். நாவலும் பூவரசும் முந்திக்கொள்ளும், வீரையும் காசாவும் மிக மெதுவாக வரும். எனவே ஒரு சதுரத்தில் எண்ணும் கன்றுகளில் மெதுவான இனங்களும் பாதிக்கு மேல் அந்த அளவைத் தொட்டபின் அந்தச் சதுரத்தை மட்டும் திறங்கள், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், வெளியே புல் நிறைய இருக்கும்போது. திறந்த முதல் மாதம் வாரம் ஒரு முறை 50 குருத்தை எண்ணுங்கள். சோதனைக் கட்டங்களின் வேலியை மட்டும் தொடாதீர்கள், அவை நிற்க நிற்கத்தான் ஒப்பிட ஆதாரம் இருக்கும்.